வரதனுக்கு நான் கொடுத்த பூர்வீகம்

பக்கத்தில் வந்து இருங்க மக்கா. அடுப்பில் ஏதாவது கிடந்தால் தீயைக் குறைத்துவிட்டு வாங்க. மரச்சீனிக் கிழங்கு வெந்து இறங்குகிற நேரத்துக்குள் சொல்லி முடித்துவிடுவேன். ஒரு டிவி சீரியல் வில்லனுக்கு நான் எப்படிப் பிறந்த ஊரும் பழைய பாவமும் உண்டாக்கிக் கொடுத்தேன் என்கிற கதை. சிரிக்க நிறைய இருக்கிறது, பெரும்பாலும் என்னைப் பார்த்துத்தான். வாயால் சொல்லவேண்டிய கதையை எதற்கு எழுதித் தருகிறேன் என்றால், அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் பெயர் ரெஜினம்மாள். கடியப்பட்டணத்துக்குக் கொஞ்சம் கிழக்கே, கடல் சத்தம் கேட்கிற ஓட்டு வீடு. பள்ளிக்கூடம் போனது கொஞ்சம்; மீதி எழுத்தைப் பழைய பேப்பரிலும் கோயில் பாட்டுப் புத்தகத்திலும் நானே பிடித்துக்கொண்டேன். முழங்கால் மறுக்கிறவரை அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புக்குத் தொலி உரித்தேன். உரிக்கிற பெண்கள் உறங்கி விழாமல் இருக்க நான் கதை சொல்வேன். "ரெஜினா கதை சொல்லுத நாளுல பருப்பு உடையாது" என்று சூப்பர்வைசர் சொல்வார். பருப்பு உடையாததற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம். நான் அதைத் தேடிப் போகவில்லை.

வேலையை விட்டபிறகு என் கதையைக் கேட்க ஆள் இல்லை. குவைத்தில் இருக்கிற என் மகன் ஜெனோ, அம்மா தனியாகக் கிடக்கிறாளே என்று சுவர் அகலத்துக்கு ஒரு டிவி வாங்கி அனுப்பினான். அது வந்த வாரமே சாயங்காலத்தில் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். என்னைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்து சாயா போட்டேன், நேந்திரங்காய் வறுத்தேன். ஏழு மணி சீரியல் தொடங்கியதும் பக்கத்து வீட்டு லிஜா சொன்னாள்: "மாமி, கொஞ்சம் தள்ளி இருங்க. வரதனுக்க மொகம் மறையுது."

வரதன்தான் அந்தச் சீரியலின் வில்லன். நல்ல வெள்ளைச் சட்டை. சத்தமாய் ஒரு வார்த்தை பேசமாட்டான். வாரத்துக்கு ஒருவராக ஆட்கள் அவனால் செத்துக்கொண்டிருந்தார்கள், அவன் சட்டையில் ஒரு கசங்கல் விழாது. அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. யார் வீட்டுக்குப் போனாலும் மேசையில் தம்ளரில் தண்ணீர் இருந்தால், அதை எடுத்து வெளியே கொட்டிவிட்டுத்தான் உட்காருவான். குளம், கிணறு எது வந்தாலும் விலகி நடப்பான். ஏன் என்று சீரியலில் சொல்லவில்லை. எந்த ஊர், யார் பெற்றது, ஒன்றும் சொல்லவில்லை.

என் வீட்டில், என் மகன் காசில் வாங்கிய டிவியில், என் ஆட்களை என்னிடமிருந்து பறித்துக்கொண்டவன் அவன். எனக்கு அவன்மேல் கோபம் இருந்தது என்று நினைக்காதீங்க. ஒரு கதைக்காரிக்கு இன்னொரு கதைக்காரன்மேல் இருக்கிற மரியாதைதான். அதிலும் கொஞ்சம் விஷம் உண்டு, அவ்வளவுதான்.

ஒரு நாள் விளம்பரம் வந்த நேரத்தில் லிஜா கேட்டாள்: "இவன் எந்த ஊருக்காரனா இருப்பான்?"

"பேச்சப் பாத்தா திருநெல்வேலி போல இருக்கு" என்றாள் ஜெபகனி. அவள் எனக்கு அண்டி ஆபீஸ் காலத்துத் தோழி. காது கொஞ்சம் மந்தம்.

"திருநெல்வேலிக்காரன் தண்ணியக் கண்டு ஒதுங்குவானா? ஆத்துலதானே அவனுவ பொறக்கதே."

"அப்போ மாமியாக்காரி தண்ணியில வல்லதும் கலக்கிக் குடுத்திருப்பா."

ஜெபகனிக்கு உலகத்தில் எல்லாக் குற்றத்துக்கும் மூலம் மாமியார்தான். "ஒங்க மருமவ இதக் கேக்கணும்" என்று லிஜா சிரித்தாள்.

அப்போது சகாயசெல்வி, என் காலுக்குப் பக்கத்தில் பாயில் இருந்தவள், திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அக்கா, நீங்க சொல்லுங்க. ஒங்களுக்குத்தான் தெரியும்."

அந்த ஒரு வார்த்தைக்காக நான் எதையும் செய்திருப்பேன். இது பேச்சுக்குச் சொல்கிறது இல்லை.

சகாயசெல்வியைப் பற்றிச் சொல்லவேண்டும். வயது நாற்பது தாண்டிவிட்டது. விடியுமுன் மீன் எடுத்து வடசேரிச் சந்தைக்குப் பஸ்ஸில் போவாள். தம்பிகளைப் படிக்கவைத்து, அவர்களுக்குக் கல்யாணம் செய்துவைத்து, இப்போது தம்பி பெண்டாட்டியின் அடுக்களையில் ஒரு மூலையில் இருக்கிறாள். அவள் கதை கேட்கும்போது "ம்ம்" என்று ஒரு சத்தம் வரும், தொண்டையிலிருந்து அல்ல, அதற்கும் கீழேயிருந்து. கதை சொல்கிறவர்களுக்கு அது எப்படிப்பட்ட சத்தம் என்று தெரியும். எனக்கு ஒரு மகன் இருக்கிறான், ஞாயிறுதோறும் போனில் பேசுகிறான், அவன்கூட எனக்கு ஒரு "ம்ம்" தந்தது கிடையாது.

அன்று சோப்புத்தூளுக்கும் நகைக்கடைக்கும் நடுவில் எனக்குக் கிடைத்த கொஞ்ச நேரத்தில், வரதனைச் சிதறால் மலைக்குக் கீழே ஒரு கல்லுடைக்கிறவனின் வீட்டில் பிறக்கவைத்தேன். மறுநாள் அவன் தகப்பனைக் குடிக்கவைத்தேன். அதற்கடுத்த நாள் தாயை ஓடிப்போகவைத்தேன். ஒரு வாரத்தில் என்ன ஆயிற்று தெரியுமா, விளம்பரம் முடிந்தாலும் "சத்தத்தக் கொறங்க, மாமி முடிக்கட்டும்" என்று லிஜாவே ரிமோட்டை எடுத்தாள். நான் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அடுக்களைக்குப் போய், சாயாப் பாத்திரத்தைப் பார்த்து, தனியாய்ச் சிரித்தேன். எழுபதை நெருங்குகிற ஒருத்தி ஒரு பாத்திரத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். அப்போதே யாராவது என்னைப் பிடித்துக் கட்டிப்போட்டிருக்கலாம்.

சிதறால் எதற்கு வந்தது என்றால், என் வீட்டின் பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்த ரசலையனுக்கு அந்தப் பக்கம்தான் ஊர். படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர். ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் முந்தி. நல்ல கைவேலை, ஆனால் கடலில் இறங்கமாட்டார். எஞ்சினைச் சரிசெய்தால் ஒரு பெரிய டிரம்மில் தண்ணீர் நிறைத்து, அதில் வைத்து ஓட்டிப் பார்ப்பார். "என்ன ஓய், டிரம்முல மீன் படுதா?" என்று பையன்கள் கேலி செய்வார்கள். அவரும் சிரிப்பார். காதில் ஒரு பீடி சொருகியிருக்கும். அதை அவர் பற்றவைத்து யாரும் பார்த்ததில்லை.

பெஞ்சாதி தவறிவிட்டாள் என்று வந்த அன்றே சொன்னார். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. அதுவரைக்கும் எங்கள் ஊர் மரியாதையான ஊர்தான்.

அவருக்கும் சகாயசெல்விக்கும் எப்படிப் பழக்கம் ஆயிற்று என்று எனக்குத் தெரியும், என் வாசலில்தான் ஆயிற்று. அவள் எனக்கு மீன் கொண்டுவருவாள், அதில் இரண்டை அவருக்கு எடுத்துவைப்பாள். பிறகு நாலு. பிறகு அவருக்குக் கொண்டுவந்து எனக்கு இரண்டு எடுத்துவைத்தாள். கல்யாணம் கழிந்தால் சிதறால் பக்கத்திலேயே தண்ணி மோட்டார் ரிப்பேர் கடை போட்டு இருந்துவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். அவள் என்னிடம் வந்து சொன்னபோது நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஒங்களுக்கு சந்தோசந்தானே?"

"எனக்கில்லாத சந்தோசமா மக்கா" என்றேன். கத்தி விரலில் பட்டது. அது பழைய கத்தி.

நாற்பது தாண்டியவளுக்கு ஓலை வாசிப்பது எங்கள் கரையில் அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. ஓலை வாசிப்பு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குச் சாமியார் மாப்பிள்ளை பெண் பெயரைச் சொல்லி, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது இருப்பதாகத் தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று அறிவிப்பார். முதல் ஞாயிறு அவள் பெயரை வாசித்தபோது, முக்காட்டை வாய்க்கு மேலே இழுத்துக்கொண்டு சகாயசெல்வி சிரித்தாள். அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருந்தது எனக்குத் தெரியாது. நான் இத்தனை கதை சொல்லியும் அது வந்ததில்லை.

அன்று மத்தியானம் ரசலையன் என் அடுக்களை வாசலில் வந்து குத்தவைத்தார். சாயா கொடுத்தேன். காதிலிருந்த பீடியை எடுத்து விரலுக்குள் உருட்டிக்கொண்டே பேசினார்.

"அக்கா, ஒரு காரியம் ஒங்ககிட்ட கேக்கணும். எனக்க பெஞ்சாதி செத்தது சீக்குல இல்ல."

ஊரில் கல்லுடைத்துக் கைவிட்ட ஒரு பாறைக்குழி, மழைத் தண்ணீர் நிறைந்து குளமாய்க் கிடக்குமாம். இருவரும் குளிக்கப் போனார்கள். இவர் முதலில் கரையேறி, துணி மாற்றி, பீடி பற்றவைத்தார். அவள் தண்ணீருக்குள் இருந்து கையை அசைத்துக் கூப்பிட்டாள். எப்போதும் விளையாடுகிறவள். அன்றும் விளையாடுகிறாள் என்று நினைத்து இவர் பீடியை இழுத்துக்கொண்டிருந்தார். பீடி தீர்ந்தபோது தண்ணீர் சமமாய்க் கிடந்தது.

"போலீசு வந்து, தவறிப்போய் நடந்ததுன்னு எழுதிட்டுப் போயாச்சு. இருவது வருசம் ஆச்சு. செல்விகிட்ட சொல்லணும். சொல்லாம தாலி கெட்டக்கூடாது. எப்பிடி சொல்ல, எப்போ சொல்ல, எனக்குத் தெரியல்ல. ஒங்களுக்குப் பேசத் தெரியும்லா அக்கா."

மக்கா, ஒரு மனுஷன் தன் நெஞ்சில் இருபது வருஷம் வைத்திருந்ததை என் அடுக்களை வாசலில் இறக்கி வைக்கிறார். நான் உண்மையாகவே அழுதேன். அழுதுகொண்டே, அந்தப் பீடி எவ்வளவு அருமையான இடத்தில் வந்து விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். ஒரே நேரத்தில் இரண்டும் நடந்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

"இப்போ சொல்லாண்டாம்" என்றேன். "அவ சந்தோசமா இருக்கா. கல்யாணம் கழிஞ்சு, பைய, நானே அவகிட்ட எடுத்துச் சொல்லுதேன்."

அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்த வாரம் வரதனுக்கு ஒரு மனைவி தேவைப்பட்டாள். ஏன் தண்ணீரைக் கொட்டுகிறான் என்று நான் இன்னும் சொல்லவில்லை, எல்லோரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். குடிகாரத் தகப்பனையும் ஓடிப்போன தாயையும் வைத்து எத்தனை நாள் ஓட்டுவது. விளம்பரம் வந்ததும் ஆரம்பித்தேன். பாறைக்குழியைச் சொன்னேன், குளிக்கிற சத்தத்தைச் சொன்னேன், பீடியைச் சொன்னேன். ஒரே ஒரு இடத்தைத்தான் மாற்றினேன். அவள் கையசைத்தபோது, அவள் விளையாடவில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது என்று வைத்தேன். தெரிந்துதான் பீடியைத் தீரவிட்டான். வில்லன் இல்லையா, அவனுக்கு அது பொருத்தம்.

ஜெபகனிக்குக் காது மந்தம் என்பதால் நான் எப்போதும் கொஞ்சம் சத்தமாய்த்தான் சொல்வேன். அன்றும் அப்படித்தான் சொன்னேன்.

சகாயசெல்வியின் "ம்ம்" அன்று வரவில்லை. அதற்குப் பதிலாக மூச்சு நின்றது. அதைவிடப் பெரிய "ம்ம்" கிடையாது.

மறுநாள் காலையில் ரசலையன் வந்தார். டிரம்மில் எஞ்சின் ஓடாமல் கிடந்தது. முகத்தைக் கழுவாமல் வந்திருந்தார்.

"அக்கா, நேத்து ஒங்க கதை சொவருக்கு மேலகூடி கேட்டுது. அவனுக்குத் தெரிஞ்சிருந்துன்னு நீங்க எப்பிடி சொன்னிய?"

"அது வரதனுக்க கதையாக்கும் ரசலையா. ஒமக்குள்ளது இல்ல. கதையின்னா அப்பிடி வந்தாத்தான் ஆளுவ கேப்பாவ."

அவர் காதிலிருந்த பீடியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் சொருகினார். பிறகு சொன்னார்: "இல்லக்கா. நீங்க சொல்லச்சொல்ல, அதுதான் உள்ளதுபோல இருந்து."

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதுதான் பெரியது. அவருக்கு ஒரு சாயா போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் தம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். மறுநாள் சாயங்காலம் எல்லோரும் வந்து இருந்தார்கள். பீடிக் கதையை லிஜா ஊரில் நாலு பேருக்குச் சொல்லியிருந்தாள். அதைச் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது என்பது எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். வரதன் டிவியில் ஒரு குளத்தை விட்டு விலகி நடந்தான். லிஜா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மாமி, இவன் நம்ம டிரம்மு மெக்கானிக்கப் போலல்லா இருக்கான். சிதறாலு, பீடி, தண்ணிய கண்டா பயம். செல்விக்கா, பாத்துக் கெட்டுங்க."

வேடிக்கைக்குத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், சகாயசெல்வியும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு அது போயிருக்கும். ஆனால் ஒரு நல்ல மனுஷனை நாலு பேர் வேடிக்கை பேசும்போது பார்த்துக்கொண்டு இருப்பது என் சுபாவம் இல்லை. நான் அவருக்காகப் பேசினேன்.

"ஏட்டி லிஜா, வாயக் கழுவு. ரசலையன் தங்கமான மனுசன். அவருக்க பெஞ்சாதி பாறைக்குழியில செத்தது வேற. இது வேற."

 டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது, ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. ஜெபகனி மட்டும், "என்ன சொன்னா? என்ன சொன்னா?" என்று லிஜாவின் தோளைத் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். லிஜா அவள் காதில் சொன்னாள்.

மற்றவர்கள் போனபிறகு சகாயசெல்வி எழும்பவில்லை.

"அக்கா, அவரு ஒங்ககிட்ட சொல்லியிருக்காரு. எனக்கிட்ட சொல்லல்ல."

"மனுசனுக்குப் பயம் இருக்கும் மக்கா."

"ஏன் பயம்? ஒண்ணும் இல்லன்னா எதுக்குப் பயம்?"

நான்தான் சொல்லவேண்டாம் என்றேன் என்கிற ஒரு வாக்கியம் என் நாக்கு நுனியில் இருந்தது. சின்ன வாக்கியம்தான். நான் எழும்பி சாயாவுக்குச் சீனி போட்டேன். திரும்பி வந்தபோது அவள் கேட்டாள்: "அந்த பீடி, அது உள்ளதா?"

"அவரு நம்பிச் சொன்னத நான் எப்பிடி வெளிய சொல்ல முடியும்" என்றேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவள் நான். அதில் எனக்கு எப்போதும் கொஞ்சம் பெருமை உண்டு.

ஜெபகனி விடிந்ததும் சாமியாரிடம் போனாள். தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று இரண்டு ஞாயிறு காதில் விழுந்திருக்கிறதே. அவள் காதில் விழுவதே அபூர்வம், அதில் இது விழுந்துவிட்டது. அவளைக் குறை சொல்லமாட்டேன். அவள் மனசாட்சிக்குப் பயந்து செய்தாள்.

சாமியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சின்ன வயசுக்காரர், என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவார். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ரசலையன் சொன்னதை வரி பிசகாமல் சொன்னேன்.

"அவ சாகப்போறான்னு அப்போ அவருக்குத் தெரிஞ்சிருந்துதா அம்மா?" என்று சாமியார் கேட்டார்.

'விளையாடுகிறாள் என்று நினைத்தாராம், சாமி' என்கிற ஒரு வரிதான் நான் சொல்லாமல் பாக்கி இருந்தது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது அவருக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும் சாமி" என்றேன். அதுவும் பொய் இல்லை. யோசித்துப் பாருங்க, அதில் பொய் எங்கே இருக்கிறது.

பிறகு ரசலையனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் ஒரு வார்த்தை "இல்லை" என்று சொல்லியிருந்தால் போதும், சாமியார் அதோடு விட்டிருப்பார். போலீஸ் எழுதின காகிதம் இருக்கிறது, இருபது வருஷம் ஆயிற்று. ஆனால் அவர் சொன்னாராம்: "எனக்கே தெரியல்ல சாமி. தெரிஞ்சிருந்துன்னுதான் இப்போ தோணுது."

மூன்றாம் ஞாயிறு அவர்கள் பெயரை வாசிக்கவில்லை. சகாயசெல்வி பூசைக்கு வந்திருந்தாள், கல்யாணத்துக்கு எடுத்த செருப்பைப் போட்டுக்கொண்டு. மறந்துபோய்ப் போட்டாளோ, வேண்டுமென்று போட்டாளோ. நான் பின்னால் முழந்தாளிட்டிருந்தேன். அந்தச் செருப்பைத்தான் பூசை முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரசலையன் என்னிடம் சாவியைத் தந்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. "நீங்க எனக்காகப் பேசினிய அக்கா, லிஜா சொன்னா" என்றார். டிரம்மில் இருந்த தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றிவிட்டுப் போனார்.

அவருடைய ஊர்ப்பக்கம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், நான்தான் என் பெஞ்சாதியைக் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் பழைய காரியத்தைக் கேட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்கும் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாளும் போயிருக்கிறார். அடுத்த நாளும் அனுப்பிவிட்டார்கள். கடலில் கால் வைக்காத மனுஷன் அந்தப் பாறைக்குழியில் இறங்கினார். கரையில் துணி மடித்து வைத்திருந்ததாம், அதன்மேல் ஒரு பீடி, பற்றவைக்காதது. செய்தி கொண்டுவந்தவன் பீடியைச் சொல்லாமல் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொல்லிவிட்டான். நல்ல கதைக்காரனாய் வருவான்.

வரதன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். சீரியல் அவன் பூர்வீகத்தைச் சொல்லாமலே முடிந்தது. கடைசி வாரம் லாரி மோதிச் செத்தான். ஒரு நாள் லிஜா போனில் ஒரு பேட்டியைக் காட்டினாள், வரதனாக நடித்தவன் பேசியது. அந்தத் தண்ணீர் கொட்டுகிற பழக்கம் யாரும் எழுதிக் கொடுத்ததில்லையாம். ஷூட்டிங் நடந்த வீட்டுத் தண்ணீரில் ஒரு வாடை வந்ததாம், பொறுக்க முடியாமல் ஒரு நாள் எடுத்துக் கொட்டினானாம், பார்க்க நன்றாக இருக்கிறது என்று டைரக்டர் வைத்துக்கொண்டாராம். அவ்வளவுதான். அவனுக்குப் பூர்வீகமே கிடையாது. அவன் ஒருவனைக்கூடக் கொன்றதும் கிடையாது, எல்லாம் நடிப்பு. எங்கள் இருவரில் அந்த வேலையை உண்மையில் செய்தது நான் மட்டும்தான்.

சகாயசெல்வி இப்போதும் சாயங்காலம் வருகிறாள். டிவி போடுவதில்லை, அவளுக்கு அது பிடிக்காமல் போய்விட்டது. மற்றவர்கள் வேறு வீட்டுக்குப் போகிறார்கள். தம்பி வீட்டில் ஏதோ பேச்சு வந்தது. ரசலையன் இருந்த அறையில் இப்போது அவள்தான் படுக்கிறாள். எனக்கு மீன் அறுத்துத் தருகிறாள், முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறாள். நான் கதை சொல்கிறேன். "ம்ம்" என்கிறாள். முன்போல இல்லை, ஆனாலும் வருகிறது. அவளுக்கு என்னைவிட்டால் யாரும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், நான் செய்ததில் ஒரு நன்மையும் இருக்கிறது.

எழுதித் தருகிற காரணத்தைச் சொல்கிறேன் என்றேன். நான் சொன்ன கதைகளிலெல்லாம் இதுதான் நல்ல கதை. இதைக் கேட்க வேண்டிய காது ஒன்றே ஒன்று, அவளிடம் மட்டும்தான் சொல்ல முடியாது. அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கப் பொறுமை கிடையாது, இந்தக் காகிதம் அவளிடம் போகாது. ரசலையனை நினைத்து எனக்கு உறக்கம் கெடுவதில்லை. இந்தக் கதைக்கு ஒரு "ம்ம்" கிடைக்காமல் கிடக்கிறதே என்றுதான் புரண்டு படுக்கிறேன். சிரிங்க, சிரிக்கிற இடம்தான்.

கிழங்கு வெந்திருக்கும், வாசம் வருகிறது. ஒன்று மட்டும் பாக்கி. பீடிக் கதையை ஜெபகனிக்காகச் சத்தமாய்ச் சொன்னேன் என்றேன் அல்லவா. ஜெபகனி அன்று வரவில்லை. வடசேரியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். எதிரில் இருந்தது லிஜாவும் சகாயசெல்வியும், இருவருக்கும் எறும்பு ஊர்வது கேட்கும். எனக்கும் ரசலையனுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரைவரை எட்டாது, மேலே ஓட்டுக்குக் கீழே இரண்டு முழம் திறந்து கிடக்கும். அவர் சாயா ஆற்றுகிற சத்தம் இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. பீடி என்று நான் சொன்னதும் அந்தச் சத்தம் நின்றது. நின்ற பிறகுதான் நான் குரலை உயர்த்தினேன்.

போய்ச் சாப்பிடுங்க மக்கா. உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் பெயரைக் கோயிலில் வாசிக்கும்போது மூன்று ஞாயிறும் ஒருவரும் எழும்பாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டுச் சுவர் கூரைவரை எட்டட்டும், பக்கத்து வீட்டில் இருக்கிறவளுக்குக் கதை சொல்லத் தெரியாமல் இருக்கட்டும்.